தராசு சரிதான்... தட்டு சரியா?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் "பையனுக்குக் காது வடியுது" என்றால் பல வீடுகளில் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. ஏரியில் குதித்திருப்பான், தண்ணீர் போயிருக்கும், தானாகச் சரியாகிவிடும்! ஆனால் சளியில் ஆரம்பித்துச் சீழ் வைத்த காது, மாதக்கணக்கில் வடிந்தால் செவிப்பறையில் ஓட்டை நிலைத்துவிடலாம்.

2013ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் குழந்தைகளின் காதையும் பார்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஓட்டைக் காதை எந்த இயர்போன் வைத்துச் சோதிக்கிறார்கள் என்று யாராவது கேட்பதுண்டா?

இரண்டு வகை உண்டு. காதின் மேல் வைக்கும் ஹெட்போன் ஒன்று. ஸ்பாஞ்ச் முனையோடு காதுக்குள் செருகும் இயர்போன் இன்னொன்று. முதலாவதை 6 கன செ.மீ. இடத்துக்கும், இரண்டாவதை 2 கன செ.மீ. இடத்துக்கும் அளந்து வைத்திருக்கிறார்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சத்தம் நடுச்செவிக்கும், அதன் பின்னால் எலும்பில் உள்ள காற்றறைகளுக்கும் பரவிவிடும். டம்ளருக்கு அளந்த சர்க்கரையைச் சொம்பில் போட்டால் இனிக்குமா? அந்தக் கதைதான். இடம் இரண்டு மடங்கானால் தாழ்ந்த சுருதி ஒலிகள் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். ஹெட்போனில் இடம் ஏற்கெனவே பெரிது, அதனால் பாதிப்பு குறைவு. சூசன் வாஸும் அவரது குழுவினரும் 2000ல் இதை ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள்.

விளைவு? பிள்ளைக்கு இருப்பதைவிட அதிகக் குறை இருப்பதாக ரிப்போர்ட் சொல்லும். 2016ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டம் இரண்டு காதிலும் 60 டெசிபல் என்று கோடு போடுகிறது. அந்தச் சராசரியில் 500 ஹெர்ட்ஸும் சேரும். இன்னொரு வேடிக்கை, ஆபரேஷன் செய்து ஓட்டையை அடைத்த பிறகு அதே இயர்போனில் சோதித்தால் "முன்னேற்றம்" பிரமாதமாகத் தெரியும். அதில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை!

செருகும் இயர்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்குமே என்பார்கள். உண்மைதான். ஜெனரேட்டர் ஓடும் முகாமில் ஹெட்போன் வைத்தால் அந்த இரைச்சலும் கணக்கைக் கெடுக்கும். அதற்காக வடிகிற காதில் ஸ்பாஞ்சைச் செருகலாமா? அமைதியான அறையைத் தேடுவதுதான் வழி.

பெரிய செலவொன்றும் இல்லை. முதலில் காதுக்குள் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் ஹெட்போன், கூடவே எலும்பு வழிச் சோதனை. எந்த இயர்போன் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி. மீன் எடை போடும்போது கூடையின் எடையைக் கழிக்கச் சொல்கிற ஊரில், பிள்ளையின் காதுக்கு மட்டும் ஏன் அந்தக் கறார் இல்லை?