‘நல்ல ஆயிலா ஊத்துப்பா’ன்னு சொன்னா போதுமா? கார் ஆயில் சேஞ்சில் கவனிக்க வேண்டியவை

“என்ன ஆயில்ணே ஊத்தட்டும்?” என்று மெக்கானிக் கேட்பார். “நல்ல ஆயிலா பாத்து ஊத்துப்பா” என்பார் கார்க்காரர். மேலூரில் திருச்சி நான்குவழிச் சாலையோர ஷெட்டாக இருந்தாலும் சரி, 30 கிலோமீட்டர் தள்ளி மதுரையில் ஏசி போட்ட கம்பெனி சர்வீஸ் சென்டராக இருந்தாலும் சரி, பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. ‘நல்ல ஆயில்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. அந்த இன்ஜினுக்கு உரிய ஆயில் என்றுதான் உண்டு.

அது எது என்பதை மெக்கானிக்கிடமோ, பக்கத்து வீட்டு டிரைவரிடமோ கேட்க வேண்டியதில்லை. கார் வாங்கும்போது கொடுத்த ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காமல் பல கார்களில் கிடக்கும் அதே புத்தகம்தான். அதில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்பதுபோல ஒரு எண் இருக்கும். முதல் எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது, இன்ஜின் சூடான பிறகு அதன் கெட்டித்தன்மைக்கு.

“நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்” என்ற பேச்சு மதுரைப் பக்கம் சாதாரணம். பழைய டீசல் வண்டிகளில் 15டபிள்யூ-40 ஊற்றிப் பழகிய காலத்துப் பேச்சு அது. சித்திரை வெயிலிலும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, ஓடும் சூட்டோடு ஒப்பிட்டால் இன்ஜின் குளிர்ந்துதான் இருக்கும். அந்த முதல் சில நொடிகளில் ஆயில் வேகமாக மேலே ஏற வேண்டும். மாருதியின் இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிஎஸ்-6 டீசல் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி சைலன்சர் பக்கம் இருப்பதால், சாம்பல் குறைவாகச் சேரும் ஆயில்தான் அதற்கு ஆகும். வேறு ஆயில் ஊற்றினால் அன்றைக்கே எதுவும் தெரியாது. வடிகட்டி அடைத்த பிறகு வரும் பில்லில் தெரியும்.

எண்ணுக்கு அடுத்தது அளவு. சின்ன பெட்ரோல் கார்களுக்குச் சுமார் மூன்று, மூன்றரை லிட்டர். பழைய டீசல் இன்னோவாவுக்கு ஏழு லிட்டர் அளவு. மூன்றேகால் லிட்டர் பிடிக்கும் காருக்கு நாலு லிட்டர் கேன் உடைத்தால், மீதி கார்க்காரருடையது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. மிச்சத்தையும் சேர்த்து ஊற்றிவிடுவது அதைவிட மோசம். அளவுக்கு மீறினால் ஆயில் நுரைத்துவிடும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால், இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்க வேண்டும்.

கேனைக் கண்ணெதிரே சீல் உடைக்கச் சொல்வது, கழற்றிய பழைய ஃபில்டரைப் பார்ப்பது, காலி கேனை ஓட்டை போட்டுவிடச் சொல்வது - இதெல்லாம் மெக்கானிக்கைச் சந்தேகப்படுவதாகாது. பிராண்டு கேன்கள் போலி ஆயில்காரர்களிடம் போய்விடக் கூடாது என்பதற்குத்தான். பேரலிலிருந்து அளந்து ஊற்றுவதும் தானாகவே மோசடி ஆகாது. பெரிய சர்வீஸ் சென்டர்களிலும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள். எந்த கிரேடு என்று பில்லில் எழுத மறுத்தால்தான் யோசிக்க வேண்டும்.

“ஆயில் கறுத்துப் போச்சுண்ணே, உடனே மாத்தணும்” என்பதும் முழுக் காரணமல்ல. டீசல் இன்ஜினில் புது ஆயிலே சில நாளில் கறுத்துவிடும். கரியைத் தன்னுள் பிடித்து வைப்பது அதன் வேலை. கணக்கு கிலோமீட்டரிலும் மாதத்திலும்தான். ஆனால் கிரானைட் தூசி பறக்கும் சாலையிலோ, தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமோ ஓடும் காருக்கு மேனுவலிலேயே ‘கடினமான பயன்பாடு’ என்று தனிக் கெடு இருக்கும். அது சீக்கிரமே வரும். கம்பெனி சென்டரில் ஜாப் கார்டோடு சேர்த்து நீட்டப்படும் ‘இன்ஜின் ஃப்ளஷ்’, ‘ஆயில் அடிட்டிவ்’ போன்றவை மேனுவலில் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி குறைந்துவிடும்.

“வெளியில விட்டா வாரண்டி போயிரும் சார்” என்ற பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததாக, 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. எனவே வாரண்டி காலத்தில் வெளியே விடுபவர், முதலில் வாரண்டி விதிகளைப் படித்துவிடுவது நல்லது. நாளைக்கு இன்ஜின் மக்கர் செய்தால், உரிய கிரேடு ஆயில், உரிய கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று காட்டக் கையில் காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதம் கேட்பது உரிமை. 2020 ஜூலை முதல் அமலில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறைதான். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மதுரையில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

சின்ன ஷெட்டில் பில் புக் இல்லையென்றால் ஒரு வெள்ளைத்தாள் போதும்: தேதி, வண்டி எண், கிலோமீட்டர், ஆயில் பெயரும் கிரேடும், எத்தனை லிட்டர், ஃபில்டர், கூலி, கடைக்காரர் கையெழுத்து. அதையும், ஓடிய கிலோமீட்டர் தெரிகிற மீட்டரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வேலையைச் சுத்தமாகச் செய்யும் மெக்கானிக் இதற்கு முகம் சுளிக்கப் போவதில்லை, அடுத்த தடவை “என்ன ஆயில்ணே?” என்று கேட்கும் வேலை அவருக்கும் மிச்சம்.