பையில் இரண்டு நிறைகல்



ஒரு நாளிதழில் விளையாட்டுப் பத்தி எழுதிவந்த ஒருவரை அப்பொறுப்பிலிருந்து இறக்கிச் சாதாரணச் செய்திவேலைக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "என் நிறமும் பிறப்புமே காரணம்" என்கிறார் அவர். "எழுத்து சரியில்லை" என்கிறது நிர்வாகம். நம்மில் பெரும்பாலோர் யார் பக்கம் சாய்வோம்? நான் கவனித்தவரை, நிர்வாகத்தின் பக்கமே. திறமை இருந்தால் யார் தடுப்பார் என்ற கேள்வியை அடையாற்று அலுவலகங்களுக்குச் செல்லும் நம் வாலிபரும் கேட்கிறார்கள், ஓய்வுபெற்ற மூப்பரும் கேட்கிறார்கள். அக்கேள்விக்கு விளையாட்டே விடை வைத்திருக்கிறது.

மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரால் நடக்கும் கிரிக்கெட் போட்டியை இன்றும் நம் நகரத்தார் அறிவர். அந்நாளில் சேப்பாக்கத்தின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையருக்குரியது. இந்திய ஆட்டக்காரருக்கு அங்குள்ள மண்டபத்தில் இடமில்லை. அவர்கள் மரத்தடியில் அமர்ந்தே உணவருந்தினர். அதைப் பொறுக்கமாட்டாமல்தான் புச்சிபாபு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மரத்தடியில் இருந்தவர்களின் பந்தடியில் குறை இருந்ததென்று எவரும் சொல்லவில்லை.

அப்படியானால் வெள்ளையர் போனால் தீர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். பம்பாயின் பல்வங்கர் பாலுவின் கதை அதற்கு இடம் கொடாது. ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்து, புனேயில் ஆடுகளப் பணியாளராக இருந்தவர் அவர். வெள்ளையரை வெல்லவேண்டுமென்ற ஆசையில் இந்து அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். அவர் தொட்ட பந்தையே களத்தில் எல்லாரும் தொட்டார்கள். தேநீர் வேளையிலோ அவருக்கு மண்டபத்துக்கு வெளியே, தனிக் குவளையில். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனாலும் பம்பாயின் நாற்கட்சிப் போட்டியில் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு ஒருபோதும் தரப்படவில்லை. 1920-இல் அவர் ஒதுக்கப்பட்டபோது ஆட்டக்காரரான அவருடைய தம்பியர் இருவர் அணியைவிட்டு விலகினர். அதன்பிறகே துணைத்தலைவர் பதவி கிடைத்தது. தம்பி விட்டல் தலைவரானது 1923-இல்.

இங்கே சற்று நில்லுங்கள். விக்கெட்டை எண்ணலாம். எண்ணி எழுதிய கணக்கு கண்முன் இருந்தும் ஒரு மனிதனுக்கு உரியதை மறுக்க முடிந்தது. பத்தி எழுத்தையும் நேர்முக வர்ணனையையும் எதைக்கொண்டு எண்ணுவீர்கள்? "நடை போதவில்லை", "குரல் ஒட்டவில்லை", "நம் வாசகருக்கு ஏற்றவரல்ல": இவை தீர்ப்புகளாகவும் இருக்கலாம், திரைகளாகவும் இருக்கலாம். அளவுகோல் மங்கலாக இருக்கும் வேலைகளில்தான் நிறமும் சாதியும் எளிதில் ஒளிந்துகொள்கின்றன.

1984-இல் பம்பாய் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தவரும், பின்பு வர்ணனையாளராகப் பெயர் பெற்றவருமான நம் சென்னையின் எல். சிவராமகிருஷ்ணன், வாழ்நாள் முழுவதும் நிறத்தால் இழிவைச் சந்தித்ததாகவும் அது நம் சொந்த நாட்டிலேயே நடந்ததாகவும் 2021 நவம்பரில் எழுதினார். 2017-இல் அபினவ் முகுந்தும் தம் நிறத்தைப் பற்றிய ஏளனங்களுக்கு வெளிப்படையாக மறுமொழி எழுதியிருந்தார். இந்தியாவுக்கு ஆடிய நம் நகரத்துப் பிள்ளைகளுக்கே இந்த நிலை.

செய்தித்தாள் அலுவலகங்களின் நிலை என்ன? 1996-இல் பி. என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி அலைந்து, ஒருவரும் அகப்படவில்லை என்று எழுதினார். 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில், ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித்தோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதற்கு வேறு வழி கண்டவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கி நடத்தினார். அவரை எழுத்தாளராக அமர்த்திக்கொள்ள அந்நாளில் எந்தப் பத்திரிகை முன்வந்திருக்கும்?

பதவியிறக்கம் எல்லாமே அநீதி என்று நான் சொல்லவில்லை. மோசமாக எழுதுபவர் எல்லா வகுப்பிலும் உண்டு. அவரை மாற்றும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. நான் கேட்பது வேறு. அதே அளவுக்கு மோசமாக எழுதிய பக்கத்து மேசைக்காரர் இன்னும் தம் இடத்தில்தான் இருக்கிறாரா? ஒருவர் தவறினால் "அவருக்கு உடல்நலம் சரியில்லை போலும்" என்றும், மற்றவர் தவறினால் "அவர்கள் இப்படித்தான்" என்றும் சொல்லப்படுகிறதா? முதலாமவர் தமக்காக மட்டும் தோற்கிறார். இரண்டாமவரோ தம் குலம் முழுவதற்குமாகத் தோற்கவேண்டியிருக்கிறது.

உபாகமம் 25-ஆம் அதிகாரம் பெரியதும் சிறியதுமான இரண்டு நிறைகற்களை ஒரே பையில் வைத்திருப்பதைக் கர்த்தர் அருவருக்கிறார் என்கிறது. தியாகராய நகர் நகைக்கடையில் அப்படி ஒரு தராசைக் கண்டால் நாம் அங்கேயே சத்தமிடுவோம். மனிதரை நிறுக்கும்போது மட்டும் மௌனமாக இருக்கிறோம். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல ஆசனமும் கந்தையணிந்தவனுக்குத் தரையும் தருவதை யாக்கோபு கண்டித்தது சந்தையைப் பார்த்தல்ல, சபையைப் பார்த்து என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டதும் "சொந்த ஊர் எது?" என்று நாம் விசாரிக்கும் தொனியை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள்.

நம் சபை அலுவலகத்துக்கு எழுத்தர் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் வேலை முன்னிருக்கிறது. தெரிவுக் குழுவில் அமர்வோரிடம் ஒன்று வேண்டியிருக்கிறேன். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை, விண்ணப்ப உறைகளைப் பிரிக்குமுன்பே எழுதிக் கையொப்பமிட்டு என்னிடம் தந்துவிடுங்கள். தெரிந்தெடுக்கப்படாதவர் எவரேனும் வந்து காரணம் கேட்டால், அந்தத் தாளை அவர் கையில் கொடுப்பேன்.