கைப்பையில் அரை கிலோ துணிச்சல்

தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்விகள்: எடை எவ்வளவு? விலை எவ்வளவு? 2014 ஜனவரியில் கான்பூரின் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' ரிவால்வரை அறிமுகப்படுத்தியபோது விளம்பரமும் இந்த இரண்டையுமே முன்னிறுத்தியது. டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம் எடை, .32 ரகத்தில் 6 தோட்டாக்கள். கைப்பையில் அடங்கும். 'பயமற்றவர்' என்று பொருள்படும் பெயர், 2012 டிசம்பரில் டெல்லியில் பேருந்தில் சிதைக்கப்பட்ட இளம்பெண்ணுக்குப் பத்திரிகைகள் சூட்டிய 'நிர்பயா'வை நினைவூட்டியது. விலை மட்டும் ரூ. 1,22,360. சம்பளக்காரப் பெண்கள் பலருக்கு அதுவே முதல் அதிர்ச்சி. பிறகு மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்ற .22 ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை 250 கிராம், விலை சுமார் ரூ. 35,000.

எடையும் விலையும் இறங்கினால் லாபம்தானே? முழுக்க அப்படியல்ல. ஒரே தோட்டாவை இலேசான துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் உதைப்பு அதிகம். குழல் குட்டை என்பதால் குறிபார்க்கும் முனைகளுக்கு இடையேயான தூரமும் குறைவு. கை சற்று நடுங்கினாலும் குறி தப்பிவிடும். சுமக்க வசதியான துப்பாக்கியே சுடச் சிரமமானது. .22 தோட்டாவில் உதைப்பு குறையும், தாக்கும் வலுவும் குறையும். பயிற்சி ஒன்றுதான் இதற்கு மருந்து.

பயிற்சிக்குத் தோட்டா வேண்டும். ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதப்பட்டிருக்கும். பெருநகரங்களில் ரைஃபிள் கிளப்புகள் உண்டு. சிற்றூர்க்காரர் எங்கே போவார்? 9 மி.மீ. போன்ற ரகங்கள் தடை செய்யப்பட்டவை என்பதால் சாதாரணக் குடிமகனுக்குத் தேர்வும் குறுகியது.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் லைசென்ஸ் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, முழுவதும் மூடியபடி, தன் கட்டுப்பாட்டில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். வெளியே எடுத்து வீசிக் காட்டுவது குற்றம். அதாவது மறைத்து வைத்திருப்பது இங்கே வசதிக்காக அல்ல, சட்டத்துக்காக. கான்பூரில் தயாராகி 2023-இல் வந்த 'பிரபல்' ரிவால்வர் 50 மீட்டர் வரை சுடும் என்பது அதன் பெருமை. ஆனால் 50 மீட்டர் தள்ளி நின்றவரைச் சுட்டுவிட்டு, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது எளிதல்ல.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, பாலியல் வன்முறை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு அறிமுகமானவர்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர். கைப்பை ரிவால்வரோ இருட்டுத் தெருவில் எதிர்ப்படும் அந்நியனை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அறிமுகமானவர் வீட்டுக்குள் வரும்போது கைப்பை பெரும்பாலும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். துப்பாக்கி அதிலேயே இருந்தால் குழந்தையின் கையும் எட்டும்.

ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: மாதம் ஒருமுறையாவது இதைச் சுட்டுப் பழக இடமும் தோட்டாவும் கிடைக்குமா? இல்லை என்பது பதிலானால், ரூ. 35,000 துப்பாக்கியும் அதிக விலைதான்.