கண் தெரியாதவராக நடிக்க யாரைக் கூப்பிடணும்?



போன வருஷ ஆண்டு விழா நாடகத்துல கண் தெரியாத தாத்தாவா நான்தான் நடிச்சேன். ஞாபகம் இருக்கா? கறுப்புக் கண்ணாடி, கையில குச்சி. ரெண்டு தடவை தடுக்கி விழுந்தேன், எல்லாரும் கைதட்டிச் சிரிச்சீங்க. அன்னைக்கு எனக்குப் பெருமையா இருந்தது. இப்போ அப்படி இல்லை. காரணம், நான் படித்துத் தெரிந்துகொண்ட ஓர் அமெரிக்க நாடகம்.

அதன் பெயர் ‘தி காஸ்பல் அட் கொலோனஸ்’. 1983-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மேடையேறியது. எழுதி இயக்கியவர் லீ புரூயர். இசை பாப் டெல்சன். கதை மட்டும் ரொம்பப் பழசு. சுமார் 2,400 வருஷத்துக்கு முன் கிரேக்கக் கவிஞர் சோஃபக்ளீஸ் எழுதியது. பார்வை இழந்த ஈடிபஸ் ராஜா, மகள் துணையோடு ஊர் ஊராக அலைந்து, கடைசியில் கொலோனஸ் என்ற இடத்தில் அடைக்கலம் கேட்கிறார். இந்தக் கதையைக் கறுப்பின மக்களின் சர்ச் ஆராதனை போல மாற்றினார்கள். பிரசங்கியார் கதை சொல்ல, பாடகர் குழு பாட, நாடகம் நகரும்.

ஈடிபஸாக யார் தெரியுமா? கிளாரன்ஸ் ஃபவுண்டனும் அவருடைய ‘ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா’ குழுவும்! ஃபவுண்டன் நிஜமாகவே பார்வை இல்லாதவர். 1939 வாக்கில், அலபாமாவில் பார்வையற்ற கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளியில்தான் அந்தக் குழு தொடங்கியது. நம்மளை மாதிரி ஸ்கூல் பசங்க! ஒரே ராஜா வேஷத்தை ஒரு குழுவே சேர்ந்து பாடியது. பிரசங்கியாராக வந்து வசனம் பேசியவர் மார்கன் ஃப்ரீமன். 1988-ல் நாடகம் பிராட்வே வரைக்கும் போனது.

“பாட்டுக்காரங்களுக்கு நடிப்பு வருமா?” என்று என் தோழன் கேட்டான். ஏன் வராது? ஊர் ஊராகப் போய், சர்ச் சர்ச்சாகப் பாடி, ஜனங்களை அழவும் எழுந்து ஆடவும் வைத்தவர்கள் அவர்கள். மேடை அவங்களுக்குப் புதுசா என்ன? பாவம் பார்த்துக் கொடுத்த வேஷம் இல்லை அது. தொழில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்த வேஷம்.

பார்வை உள்ளவங்க அப்படி நடிக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. ஆனா அந்த வாழ்க்கை தெரிந்தவங்களை முதல்ல கேட்கணும். என்னை யாரும் கேட்கச் சொல்லலை, நானும் கேட்கலை. விழுந்தா சிரிப்பாங்கன்னு மட்டும் தெரியும். அந்தத் தாத்தாவுக்கு ஒரு நல்ல பாட்டு இருந்திருக்கலாம். ஒரு கோபம் இருந்திருக்கலாம். ரெண்டையும் நான் யோசிக்கவே இல்லை.

அதனால என் கருத்து இதுதான். இந்த வருஷம் அப்படி ஒரு வேஷம் வந்தா, பார்வையற்றோர் பள்ளி மாணவர்களை நம்ம மேடைக்குக் கூப்பிடுவோம். திரைக்குப் பின்னாடி நின்னு பாடுற நம்ம பாட்டுக் குழுவையும் முன்னாடி கொண்டு வருவோம். அந்தக் கறுப்புக் கண்ணாடியை நான் திருப்பிக் கொடுத்துட்டேன்.

நீங்க என்ன நினைக்கிறீங்க? அடுத்த இதழில் எழுதுங்கள்!

– பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு