தலைமடை நிறைந்தால் போதுமா?

மதுரையிலிருந்து அழகர்கோவில் செல்லும் சாலையில் கள்ளந்திரி என்றோர் ஊர் உண்டு. மேற்கு மலையைக் குடைந்து 1895இல் திருப்பிவிடப்பட்ட பெரியாற்று நீர், வைகையோடு கலந்து இச்சமவெளியை நனைத்து வருகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கருக்கு இருபோகப் பாசனம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியின் 85,563 ஏக்கருக்கு ஒருபோகமே. அணையில் நீர் நிறைந்துள்ளது என்ற செய்தி கேட்டு மேலூர் உழவர் மகிழ்ந்துவிடுவதில்லை. கடைமடைக்கு நீர் வந்ததா என்றே அவர் கேட்பார்.

உழவர் அறிந்த இவ்வுண்மையைப் பொருளாதாரம் பேசுவோர் மறந்துவிட்டனர் என்பதே நம் குற்றச்சாட்டு. விலையுயர்ந்த கார்கள் விற்றால் நாடு வளர்கிறது என்கின்றனர். அட்சய திருதியையன்று நகைக்கடையில் கூட்டம் நெரிந்தால், மக்கள் கையில் பணம் புரள்கிறது என்கின்றனர். எந்த மக்கள் கையில்?

2024ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்ற சொகுசுக் கார்கள் ஐம்பதாயிரத்துக்குச் சற்று அதிகம். அவ்வாண்டு விற்ற கார்களோ நாற்பது இலட்சத்துக்கும் மேல். நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும் இவ்விற்பனையை, காரே வாங்க இயலாத கோடிக்கணக்கானோரின் வாழ்வுக்கு அளவுகோலாக்குவது எவ்வகையில் நியாயம்?

தங்கத்தின் கதை இன்னும் விந்தையானது. 2024இல் இந்தியர் வாங்கிய நகையின் எடை, முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்தது. அதற்குக் கொடுத்த பணமோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. குறைவாக வாங்கி அதிகமாகக் கொடுத்ததற்குப் பெயர் வளமா? 2020இன் தொடக்கத்தில் 30,000 ரூபாயளவில் இருந்த ஒரு பவுன், 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது.

வாங்கிய நகை எங்கே செல்கிறது என்பதையும் பார்ப்போம். விதைப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவத்துக்கும் அது அடகுக்குச் செல்கிறது. 2025 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் வங்கிகளின் நகைக்கடன் நிலுவை இருமடங்காகி, இரண்டு இலட்சம் கோடி ரூபாயைக் கடந்தது. கணக்கில் வகை மாற்றியதால் கூடிய பகுதியைக் கழித்தாலும் அது சிறு தொகையன்று. 2021இல் தமிழக அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்டு வைத்த நகைக்கடன்களில் ஏறத்தாழ 6,000 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க நேர்ந்ததே! ஒரே சங்கிலி, கடையில் விற்கும்போது செழிப்பின் சான்றாகிறது. அடகுக்குப் போகும்போது எவர் கண்ணிலும் படுவதில்லை.

சொகுசுச் செலவும் பலருக்கு வேலை தருகிறதே என்பர். பொற்கொல்லருக்கும் கடை ஊழியருக்கும் அதனால் பிழைப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆயின் அந்த ஊழியரின் கூலி உயர்ந்ததா என்று அளந்து சொல்லுங்கள் என்கிறோம். விற்றவருடைய வரவைக் காட்டி, உழைத்தவருடைய நலத்தை மெய்ப்பிக்க முடியாது.

நேர்மையான அளவுகோல் இல்லாமலில்லை. அரசே நடத்திய 2023-24ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இலவசமாகப் பெற்ற பொருள்களைச் சேர்க்காமல், சிற்றூர்களின் அடித்தட்டு 5 விழுக்காட்டினர் மாதந்தோறும் தலைக்குச் செலவிட்டது சராசரியாக 1,677 ரூபாய். நகரங்களின் மேல்தட்டு 5 விழுக்காட்டினர் செலவிட்டது 20,310 ரூபாய். ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு! முன்னதன் உயர்வு தாழ்வே நாட்டின் உடல்நிலையைச் சொல்லும்.

ஆட்சியாளரையும் வணிகரையும் மட்டும் சாடி நாம் ஒதுங்கிவிட இயலாது. நம் வீட்டுத் திருமணங்களில் 'எத்தனை பவுன்?' என்று கேட்பவர் யார்? குடும்பத்தின் தகுதியைப் பவுனால் நிறுக்கும் நமக்கு, நாட்டின் தகுதியைப் பவுனால் நிறுப்போரைக் கண்டிக்க எவ்வாறு துணிவு வரும்? அப்படி நிறுத்துக் கொடுத்த நகையே முதலாண்டு முடியுமுன் அடகுக்குச் செல்வதையும் நாம் அறிவோம். அக்கேள்வியை நம் இல்லங்களில் முதலில் நிறுத்துவோம்.

அதன்பின் அரசையும் வங்கிகளையும் உரக்கக் கேட்போம்: இவ்வாண்டு விற்ற நகையின் கணக்கு இருக்கட்டும், மாவட்டந்தோறும் மீட்கப்பட்ட நகை எவ்வளவு, ஏலத்தில் போனது எவ்வளவு? கடைமடையின் அக்கணக்கை எப்போது வெளியிடுவீர்கள்?