உப்புத்தாளைக் கீழே வைங்க சார்!

ஆயுத பூஜை நெருங்கினால் மல்லேஸ்வரத்தில் ரெண்டு விஷயம் நிச்சயம். எட்டாவது கிராஸ் ஓரத்தில் பூசணிக்காய் மலை மாதிரி குவியும். நம்ம ஜனம் கார் பெயிண்டைத் தேய்க்கக் கிளம்பும். எங்கள் தெருவில் மட்டும் போன வருஷம் மூணு பேர். ஒருத்தர் கையில் வாட்டர் பேப்பர் (ஊரில் உப்புத்தாள் என்போமே, அதன் தண்ணீர்த் தம்பி). கேட்டால், "பெயிண்டர் ஆயிரக்கணக்கில் கேக்கறான் சார், நாமே 2000 நம்பர் தாள்ல தேய்ச்சு, காம்பவுண்ட் போட்டா ஷோரூம் வண்டி மாதிரி ஆயிடும்" என்கிறார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் பாலிஷ் போடுங்கள், தாராளமாக. ஞாயிற்றுக்கிழமைக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனால் உப்புத்தாள் மட்டும் வேண்டாம்.

ஏன் என்கிறீர்களா? பாங்கில் ஜெராக்ஸுக்குப் போடும் 80 ஜி.எஸ்.எம் தாள் இருக்கிறதே, அதன் கனம் சுமார் 100 மைக்ரான். இப்போது வரும் காரில் பிரைமர், கலர், மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட், எல்லாம் சேர்ந்தே அந்த ஒரு தாளின் கனம்தான், மிஞ்சினால் தாளும் அரையும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். பளபளப்பும் அதில்தான், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் அதில்தான். உப்புத்தாளால் தேய்க்கும்போது சில மைக்ரான் போகும். அந்தத் தேய்ப்புக் கோட்டை அழிக்கக் காம்பவுண்ட் போடும்போது இன்னும் கொஞ்சம் போகும். கதவு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் பெயிண்ட் இன்னும் மெல்லிசு, விரல் அழுத்தமோ அங்கேதான் அதிகம் விழும். கலர் வரைக்கும் போய்விட்டால் எந்த பாலிஷும் காப்பாற்றாது. அந்த பேனல் முழுக்க மறுபடி பெயிண்ட்தான்.

என் பாஷையில் சொன்னால் கிளியர் கோட் ஒரு டெபாசிட். கம்பெனிக்காரன் ஒரே ஒரு தடவை போட்டது. அதிலிருந்து நாம் எடுக்க மட்டும்தான் முடியும். வருமான வரிக் கணக்கில் காருக்கு 15 சதவீதம் தேய்மானம் கொடுக்கிறார்கள், அதை நாமே கையால் தேய்த்து நிரூபிக்க வேண்டியதில்லை :-)

உப்புத்தாள் யோசனை சொல்வது பெரும்பாலும் அப்பா, சித்தப்பா, மாமா வகையறா. அவர்கள் மேல் தப்பில்லை. அம்பாசடரும் பத்மினியும் ஓட்டியவர்கள். அந்த வண்டிகளில் கிளியர் கோட் என்று தனியாகக் கிடையாது, கலரே மேல் பூச்சு. ரப்பிங் போட்டால் துணியில் கலர் ஏறும், அடியில் புது கலர் தெரியும். உங்கள் வண்டி எந்த ஜாதி என்று பார்க்க, மூலையில் துளி பாலிஷ் போட்டு வெள்ளைத் துணியால் தேயுங்கள். கலர் ஏறாவிட்டால் கிளியர் கோட் வண்டி.

பழைய வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, இது விளையாட்டில்லை. அந்தக் காலப் பெயிண்டில், முக்கியமாக மஞ்சள் சிவப்பு வகைகளில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. 2016-ல் வந்த மத்திய அரசு விதி ஈயத்துக்கு 90 பிபிஎம் என்று வரம்பு வைத்தது, அதுவும் வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான். பழைய வண்டியை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பினால், அது பக்கத்தில் விளையாடும் குழந்தை மூக்குக்குப் போகும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் ரெண்டு பாகக் கிளியர் கோட்டும் அப்படியே. அதில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடிய சரக்கு. அதைப் போர்ட்டிகோவில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

சரி, கீறல் எங்கிருந்து வருகிறது? பாதிக்கு மேல் துடைப்பதால்தான் வருகிறது என்பது என் அபிப்பிராயம். காலை ஐந்து மணிக்கு வரும் பையன் ஒரே பக்கெட், ஒரே துணியில் இருபது வண்டி துடைக்கிறான். முதல் வண்டியின் மண் இருபதாவது வண்டியில் கோடு போடுகிறது. அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை, மாசம் நாம் கொடுப்பது எவ்வளவு என்று நமக்கே தெரியும். ரெண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கி "இது நம்ம வண்டிக்கு மட்டும்ப்பா" என்று கொடுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பூஜையில் பானெட்டில் வைத்த சந்தனம் குங்குமத்தையும் காய்ந்த பிறகு வறட்டுத் துணியால் துடைக்காதீர்கள், முதலில் நனைத்து ஊற விடுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் பெங்களூரில் கார் கழுவுவதைப் பேச முடியாது. 2024 மார்ச்சில் ஊரே வறண்டு கிடந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. அந்த மாசமே 22 குடும்பங்களிடம் 1.1 லட்சம் வசூல். 2025 பிப்ரவரியில் திரும்பவும் அதே உத்தரவு. ஆகவே ஹோஸ் பைப்பை மறந்துவிடுங்கள். ரெண்டு பக்கெட் போதும்: ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். போர் தண்ணீர் என்றால் உடனே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் உப்பு வட்டம் வட்டமாக நிற்கும். புது வட்டத்துக்கு வெள்ளை வினிகரில் தண்ணீர் கலந்து துடைத்தாலே போதும், பாலிஷ் கூட வேண்டாம்.

பாலிஷ் போடும் முன் கீறலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழம், நம் வேலை இல்லை. மாட்டாவிட்டால் மெல்லிய பாலிஷ், நிழல், பொறுமை. நிழல் ரொம்ப முக்கியம். ஆனால் மரத்தடி நிழல் வேண்டாம். சம்பிகே ரோடு பக்கம் மரத்தடியில் நிறுத்திப் பாருங்கள், பாலிஷ் காய்வதற்குள் காக்கா கையெழுத்துப் போட்டுவிடும்.

உப்புத்தாளைத் தொட்டே தீருவேன் என்று கை அரிப்பவர்களுக்கு ஒரு இடம் இருக்கிறது: மஞ்சள் பூத்த ஹெட்லைட். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயிலில் மேல் பூச்சு கெட்டு மங்குகிறது. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 1000, 2000, 3000 என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டால் ராத்திரி ஓசூர் ரோட்டில் வெளிச்சம் நன்றாக விழும். கடைசியில் புற ஊதாக் கதிர் தாங்கும் சீலன்ட் பூச மறக்கக் கூடாது. பூசாவிட்டால் சில மாசத்தில் மஞ்சள் திரும்ப வந்துவிடும். டூத்பேஸ்ட் வைத்தியம் செய்கிறவர்களுக்கு அவ்வளவு நாள் கூடத் தாங்காது.