பங்களா நாயும் குடிசை நாயும்

ராஜா அண்ணாமலைபுரத்தில் பங்களாவும் உண்டு, குடிசையும் உண்டு. இரண்டிலும் நாய் உண்டு. பங்களா நாய் அவிழ்ந்து வந்து ஏழையின் நாயைக் கவ்வினால், கம்பெடுத்தால் கேஸ் வருமோ என்று அவன் கைகட்டி நிற்பதா?

வேண்டியதில்லை, தோழர்களே! ஆளுக்கோ உடைமைக்கோ வரும் கேட்டைத் தடுக்க, தீய நோக்கமின்றி நல்லெண்ணத்தோடு செய்யும் காரியம் குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சம்ஹிதையின் 19-வது பிரிவு. வளர்க்கும் நாயும் உடைமையே. கம்பால் அடித்து விலக்கலாம். ஆனால் விலகி ஓடும் நாயைத் துரத்திக் கொல்வதும், மறுநாள் விஷம் வைப்பதும் தற்காப்பல்ல, பழிவாங்கல். 325-வது பிரிவின்படி அதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. வாயில்லா ஜீவன் நம் எதிரியுமல்ல.

பொறுப்பாளி, கட்டி வைக்காத எஜமானனே! இதே சென்னையில், 2024 மே மாதம், நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறின. அவள் யார்? பூங்காக் காவலாளியின் மகள்! நாய்க்காரர் கைதானார். வளர்ப்பு மிருகத்தால் ஆபத்து நேராதபடி காக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 291-வது பிரிவு.

ஏட்டிலுள்ள சட்டம் தானாக நடந்து வராது. காயத்தைப் படமெடுங்கள், கால்நடை டாக்டரிடம் சீட்டு வாங்குங்கள், சாட்சி சேருங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தனியே போகாதீர்கள். மில் லைனானாலும் சேரியானாலும் தெருவே திரண்டு போங்கள்!